தந்தை தாயாகும் விந்தை: கொடுவா மீனின் கதை

சில ஆண்டுகள் தந்தையாக வாழ்ந்துவிட்டு, பிறகு தாயாக மாறி முட்டையிடும் உயிர் ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அது எங்கோ ஆழ்கடலின் இருட்டில் ஒளிந்திருக்கும் அதிசயப் பிராணி அன்று. நம் ஊர் மீன் சந்தைக்கு வருகிற மீன்தான். பழவேற்காடு ஏரியிலும், பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் ஓடைகளிலும், ஆறுகள் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களிலும் அது வாழ்கிறது. தமிழ்நாட்டில் அதற்குக் கொடுவா என்று பெயர். கேரளத்தில் காளாஞ்சி, ஆந்திரத்தில் பண்டுகப்ப, வங்காளத்தில் பெட்கி, மலேசியாவில் சியாக்காப், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று ஊருக்கு ஒரு பெயர். விஞ்ஞானிகள் இட்ட பெயர் லேட்டஸ் கால்காரிஃபர்.

உணவுக்காக இதை வளர்க்கிறார்கள். வலை வீசிப் பிடிக்கிறார்கள். இவற்றோடு, உலகத்தின் புகழ்பெற்ற 'விளையாட்டு மீன்'களில் இதுவும் ஒன்று. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்கள், பிடிப்பதற்குத் திறமையும் பொறுமையும் தேவைப்படும் மீன்களை இப்பெயரால் குறிப்பிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் கொடுவாவைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே பலர் நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறார்கள். வடக்கு ஆட்புலத்தில் 2015-இல் தொடங்கிய ஒரு போட்டியில், அடையாளச் சீட்டுப் பொருத்தி ஆறுகளில் விடப்பட்ட கொடுவாக்களைப் பிடிப்பவருக்குப் பரிசு உண்டு. அவற்றுள் சில மீன்களுக்கு விலை பத்து லட்சம் டாலர்!

ஒரு மீனுக்கு இவ்வளவு மதிப்பா? இருக்கட்டும். நாம் அதைவிட மதிப்புள்ள ஒன்றைத் தேடுவோம். இந்த மீனை எப்படி அடையாளம் காண்பது? அதன் வாழ்க்கை எப்படிப்பட்டது? அதை அறிவதால் என்ன பயன்?

பெயரை நம்பலாமா?

'பாரமுண்டி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ராக்ஹாம்ப்டன் நகரத்தை அடுத்த பகுதியில் வாழ்ந்த ஆதிக்குடிகளின் மொழியிலிருந்து வந்த சொல் அது. 'பெரிய செதில்களை உடைய ஆற்று மீன்' என்பது பொருள். பெரிய செதில்களை உடைய ஆற்று மீன் ஒன்றே ஒன்றுதானா? இல்லை. ஆகவே சாரடோகா என்ற வேறொரு மீனுக்கும் இந்தப் பெயர் வழங்கியது. காற்றைச் சுவாசிக்கக்கூடிய நுரையீரல் மீனையும் இதே பெயரால் சிலர் அழைத்தார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மீன்கள். பாரமுண்டியைப் பார்த்தேன் என்று அந்நாளில் ஒருவர் எழுதி வைத்திருந்தால், அவர் எதைப் பார்த்தார் என்று இன்று எப்படிச் சொல்வது?

இக்குழப்பத்தைத் தவிர்க்கத்தான் உயிரியலில் அறிவியல் பெயர் வைக்கும் முறை உண்டாயிற்று. பெர்லின் நகரத்தில் மருத்துவராக இருந்த பிளாக் என்பவர் மீன்களைப் பற்றிப் பெரிய நூல்களை எழுதியவர். கொடுவாவுக்கு 1790-இல் 'கால்காரிஃபர்' என்ற பெயரைச் சூட்டியவர் அவரே. லத்தீன் மொழியில் இதற்கு 'முள்ளைத் தாங்கியது' என்று பொருள். சேவலின் காலில் பின்பக்கம் ஒரு கூரிய முள் இருக்கும் அல்லவா? அத்தகைய முள் இந்த மீனின் கன்னத்துக்குக் கீழே இருக்கிறது. பெயரிலேயே ஓர் அடையாளத்தைப் பொதிந்து வைத்துவிட்டார் பிளாக்.

கையில் எடுத்துப் பார்ப்போம்

இனி மீனை ஒரு பலகையில் வைத்துத் தலையிலிருந்து வால்வரை பார்த்துக்கொண்டே செல்வோம்.

முதலில் தலை. பெரும்பாலான மீன்களில் மூக்கு நுனியிலிருந்து முதுகுவரை மேல்விளிம்பு நேராகவோ மேடாகவோ செல்லும். கொடுவாவுக்குக் கண்ணுக்கு மேலே ஒரு பள்ளம் விழுந்து, பிறகு முதுகு சட்டென்று உயர்கிறது. தொலைவிலிருந்து பார்த்தாலே தெரியக்கூடிய அடையாளம் இது.

அடுத்து வாய். வாய் பெரியது. கீழ்த்தாடை சற்றே முன்னுக்கு நீண்டிருக்கும். மேல்தாடையின் பின்முனை கண்ணையும் தாண்டிப் பின்னால் செல்லும். வாய்க்குள் விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வெல்வெட் துணியின் இழைகளைப்போல நெருக்கமான சிறு பற்கள். நாயின் கோரைப்பல் போன்ற நீண்ட பற்கள் இதற்கு இல்லை.

மூன்றாவது கண். உயிருள்ள மீனின் கண் பொன்னிறமாக மின்னும். இரவில் விளக்கொளி பட்டால் பூனையின் கண்ணைப்போல ஒளிரும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு இருப்பதே காரணம். ஒருமுறை விழித்திரையைக் கடந்துபோன ஒளி, திரும்பி வரும்போது மறுபடியும் அதில் படுகிறது. கலங்கிய நீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் இரை தேடும் மீனுக்கு இது பேருதவி.

நான்காவது, பிளாக் குறிப்பிட்ட முள். செவுள்மூடிக்கு முன்னால் ஓர் எலும்புத் தகடு இருக்கிறது. அதன் பின்விளிம்பு ரம்பத்தின் பல்லைப்போல இருக்கும். கீழ்மூலையில் வலுவான முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை: செவுள்மூடியின் விளிம்பு கத்தியைப்போலக் கூர்மையானது. தூண்டிலில் சிக்கிய கொடுவா தலையை உதறும்போது இந்த விளிம்பு பட்டு நைலான் நரம்பு அறுந்துபோவது உண்டு. செவுளுக்குள் விரலைவிட்டு மீனைத் தூக்குகிறவருடைய விரலுக்கும் அதே கதிதான்!

ஐந்தாவது துடுப்புகள். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் 7 முதல் 9 வரை முட்கள் இருக்கும். பின்பகுதியில் 10 அல்லது 11 மென்மையான கதிர்கள் இருக்கும். இவ்விரு பகுதிகளுக்கும் நடுவில் ஆழமான வெட்டு இருப்பதால், துடுப்பு இரண்டாகப் பிரிந்ததுபோலத் தோன்றும். வால் துடுப்பு பிளவுபடாமல் விசிறிபோல வட்டமாக இருக்கும்.

ஆறாவது பக்கக்கோடு. மீனின் உடலின் இருபுறமும் ஓடும் இக்கோடு, நீரின் அசைவை உணரும் உறுப்பு. பல மீன்களில் இக்கோடு வாலின் அடிப்பகுதியோடு முடிந்துவிடும். கொடுவாவில் வால் துடுப்பின் ஓரம்வரை சென்று முடியும்.

இந்த ஆறு அடையாளங்களும் ஒருசேர இருந்தால் அது கொடுவாதான். வால் வட்டமாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக் கலவா மீனைக் கொடுவா என்று சொல்லிவிடக் கூடாது. கலவாவுக்கும் வால் வட்டம்தான். ஆனால் அதற்குச் செதில்கள் சிறியவை. முதுகுத் துடுப்பில் ஆழமான வெட்டு இல்லை. தாடையின் முன்புறத்தில் கோரைப்பற்கள் உண்டு. ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்புக் கூறாதே, பல அடையாளங்களை ஒன்றுசேர்த்துப் பார் என்பது உயிரியலின் பொன்விதி.

நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. கடலிலும் முகத்துவாரத்திலும் பிடிபடும் கொடுவா வெள்ளிபோலப் பளபளக்கும். ஆற்றின் மேற்பகுதியிலோ சேறு கலந்த குட்டையிலோ வாழ்ந்தது பழுப்பாகவோ கருமையாகவோ இருக்கும். மிக இளம் குஞ்சோ வேறு மீன்போலவே தோன்றும். உடலெங்கும் பழுப்புத் திட்டுகளும், தலையில் மூன்று வெண்கோடுகளும் கொண்டிருக்கும். வேர்களும் சருகுகளும் நிறைந்த நீரில் அது கண்ணுக்கே தெரியாது.

ஒரு மீனா, பல மீன்களா?

பாரசீக வளைகுடா முதல் இந்தியா, இந்தோனேசியா வழியாக வட ஆஸ்திரேலியாவரை ஒரே இனக் கொடுவாதான் இருக்கிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஜப்பானில் வாழும் மீனும் அதுவே என்றார்கள். ஆனால் 1984-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான கத்தயாமா, தாக்கி இருவரும் ஜப்பானிய மீனை உற்று நோக்கி, அது தனி இனம் என்று காட்டினார்கள். லேட்டஸ் ஜப்பானிக்கஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்நாட்டு மக்கள் அதை 'அகாமே' என்கிறார்கள். 'செங்கண்' என்பது பொருள்.

2008-இல் இன்னொரு செய்தி வந்தது. மியான்மாவின் கொடுவாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவின் கொடுவாவிலிருந்தும் சிறிது தசையை எடுத்து, அவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். ஒரே இனத்துக்குள் இருக்கக்கூடிய வேறுபாட்டைவிட மிகப் பெரிய வேறுபாடு தெரிந்தது. 2012-இல் இலங்கையைச் சேர்ந்த ரோகன் பெத்தியகொடவும், ஆந்தனி கில் என்ற மீனியல் அறிஞரும் அருங்காட்சியக மாதிரிகளையும் பிற மீன்களையும் அளந்து, எண்ணி, இரண்டு புதிய இனங்களை அறிவித்தார்கள். ஒன்று இலங்கையின் லேட்டஸ் லக்திவா. மற்றொன்று மியான்மாவின் லேட்டஸ் உவிசரா.

எதை எண்ணினார்கள் தெரியுமா? செதில் வரிசைகளை! முதுகுத் துடுப்பின் மூன்றாம் முள்ளின் அடியிலிருந்து பக்கக்கோடுவரை குறுக்காக எண்ணினால், இலங்கை இனத்தில் 5 வரிசைகள். மியான்மா இனத்தில் 7 வரிசைகள். இலங்கை மீனின் உடல் சற்று மெலிந்தும் இருக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், பொறுமையாக எண்ணத் தெரிந்த கண்களாலேயே பிடிபட்ட உண்மை இது.

கதை இன்னும் முடியவில்லை. 2016-இல் கொடுவாவின் மரபுத்தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. பல நாட்டு மீன்களை ஒப்பிட்டபோது தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, இந்தியத் துணைக்கண்டம் என மூன்று தனித்தனிக் கிளைகள் தெரிந்தன. நம் சந்தையில் கிடக்கும் கொடுவாவுக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. அதற்கு விடை காணப்போகிறவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

ஆறும் கடலும் சேர்ந்த வீடு

கொடுவாவின் வாழ்க்கை கடலோரத்தில் தொடங்குகிறது. மழைக்காலத்தை ஒட்டி, முதிர்ந்த மீன்கள் முகத்துவாரத்துக்கு அருகே உப்பு மிகுந்த நீரில் கூடுகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களே பெரும்பாலும் அவை தேர்ந்தெடுக்கும் நாட்கள். ஏன்? அந்நாட்களில்தான் கடல் ஏற்றம் அதிகம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குறுக்களவுள்ள முட்டைகள் நீரில் மிதக்கின்றன. பெருகி வரும் கடல்நீர் அவற்றையும், பொரித்து வரும் குஞ்சுகளையும் முகத்துவாரத்துக்குள்ளே தள்ளிக்கொண்டு போகிறது. வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளுக்குள்ளேயே முட்டை பொரிந்துவிடும்.

குஞ்சுகள் அலையாத்திக் காடுகளிலும், மழையாலும் கடல் ஏற்றத்தாலும் நிரம்பிய சதுப்புக் குட்டைகளிலும் புகுந்து வளர்கின்றன. அங்கே உணவு மிகுதி. பெரிய எதிரிகள் குறைவு. நீர் வடியும் காலத்தில் அவற்றுள் பல ஆற்றில் ஏறி நன்னீருக்குச் சென்றுவிடுகின்றன. அங்கே சில ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ச்சி அடைந்ததும் மறுபடியும் கடலை நோக்கி இறங்குகின்றன. சால்மன் மீன் முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறுகிறது. கொடுவாவோ முட்டையிடுவதற்காக ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்குகிறது. பயணம் நேர் எதிர்.

எல்லாக் கொடுவாக்களும் ஆறு ஏறுவதில்லை. சில தம் வாழ்நாள் முழுவதும் உவர்நீரிலேயே இருந்துவிடுகின்றன. இது எப்படித் தெரிந்தது? மீனின் காதுக்குள் இருக்கும் ஒரு சிறு கல்லே சாட்சி. 'செவிக்கல்' எனப்படும் இது, மரத்தின் தண்டைப்போல ஆண்டுக்கு ஒரு வளையமாக வளர்கிறது. மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் மீனின் வயது தெரியும். ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் கடல்நீரில் மிகுதி. ஆற்றுநீரில் பொதுவாகக் குறைவு. எந்த வளையத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், எந்த வயதில் மீன் எந்த நீரில் வாழ்ந்தது என்பதும் தெரிந்துவிடும். மீன் தன்னை அறியாமலே எழுதிய நாட்குறிப்பு அது!

ஆனால் ஒரு கேள்வி எழவேண்டும். ஆற்று மீனைக் கடலில் விட்டால் இறந்துவிடுமே, கொடுவா மட்டும் எப்படி இரண்டிலும் வாழ்கிறது?

நெல்லிக்காயை உப்பில் ஊறப்போட்டால் என்ன ஆகிறது? உள்ளிருக்கும் நீர் வெளியேறிக் காய் சுருங்குகிறது. கடல்நீரில் இருக்கும் மீனுக்கும் இதே ஆபத்து. அதன் உடல் நீர்மத்தைவிடக் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே உடலிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. மிகுதியான உப்பைச் செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. ஆற்றில் நிலைமை தலைகீழ். நீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அப்போது மீன் நீர் குடிப்பதை அநேகமாக நிறுத்திக்கொள்கிறது. நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழிக்கிறது. செவுள்கள் உப்பை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கின்றன. பெரும்பாலான மீன்கள் இவ்விரண்டு வேலைகளில் ஒன்றைத்தான் அறியும். கொடுவா இரண்டையும் அறியும்.

வாய்தான் வலை

கொடுவா இரையைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. மூழ்கிய மரத்தின் அருகிலோ, பாறையின் நிழலிலோ அசையாமல் காத்திருக்கும். இறாலோ சிறு மீனோ அருகில் வந்ததும் பெரிய வாயைத் திடீரென்று திறக்கும். வாய்க்குள் அழுத்தம் சட்டென்று குறைவதால் சுற்றியிருக்கும் நீர் உள்ளே பாயும். நீரோடு இரையும் போய்விடும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நீர்ப்பரப்பில் இப்படி நிகழும்போது காற்றும் சேர்ந்து உறிஞ்சப்பட்டு 'பொஃப்' என்ற ஓசை கேட்கும். தூண்டில்காரர்கள் காத்திருப்பது இந்த ஓசைக்காகத்தான்.

தன் இனத்தையே தின்னும் பழக்கமும் இதற்கு உண்டு. தன் நீளத்தில் பாதிக்கும் மேற்பட்ட நீளமுள்ள தம்பியை விழுங்கத் தயங்காது! எனவே குஞ்சு வளர்க்கும் பண்ணைகளில் அடிக்கடி அளவு பார்த்து, பெரியவற்றையும் சிறியவற்றையும் பிரித்து வைக்கிறார்கள்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டது. இந்தியாவில் அதுவே முதல் வெற்றி. அதற்குமுன் பண்ணைக்குத் தேவையான குஞ்சுகளை இயற்கை நீர்நிலைகளிலிருந்துதான் சேகரிக்க வேண்டியிருந்தது.

தந்தை தாயாவது ஏன்?

இப்போது தொடக்கத்தில் சொன்ன விந்தைக்கு வருவோம்.

கொடுவா பொதுவாக முதலில் ஆணாகவே முதிர்ச்சி அடைகிறது. 3 முதல் 5 வயதுக்குள், ஏறத்தாழ 55 அல்லது 60 செ.மீ. நீளம் வந்ததும், அது தந்தையாகத் தகுதி பெறுகிறது. சில பருவங்கள் ஆணாக வாழ்ந்தபின், பெரும்பாலும் 80 செ.மீ. முதல் ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கும் காலத்தில், இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் அதன் விந்தகம் சிதையத் தொடங்குகிறது. அங்கேயே சூலகம் உருவாகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அது பெண்தான். பாப்புவா நியூகினியின் மீன்களை ஆராய்ந்த மூர் என்பவர் 1979-இல் இதை விளக்கி எழுதினார். 1982-இல் டேவிஸ் என்பவர் வட ஆஸ்திரேலிய மீன்களிலும் இதையே கண்டார்.

இதனால் மீனுக்கு என்ன லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே வடிவமுள்ள இரண்டு மீன்களில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு நீளம் என்றால், எடை எத்தனை மடங்கு? நீளம், அகலம், கனம் மூன்றும் இரட்டிக்கின்றன அல்லவா? 2 x 2 x 2 = 8 மடங்கு. வயிற்றில் முட்டைக்கான இடமும் அப்படியே பெருகும். 120 செ.மீ. நீளமுள்ள ஒரு தாய்க் கொடுவா ஒரு பருவத்தில் சில கோடி முட்டைகளை இடக்கூடும். முட்டையை நிரப்பப் பெரிய உடல் வேண்டும். விந்தணுவோ மிகச் சிறியது. சிறிய உடலிலும் கோடிக்கணக்கில் உண்டாகும். ஆகவே சிறியதாக இருக்கும்போது ஆணாகவும், பெரியதானபின் பெண்ணாகவும் இருப்பதே அதிகச் சந்ததிகளை உண்டாக்கும் வழி. 1969-இல் கிசெலின் என்ற உயிரியல் அறிஞர் இக்கருத்தை விளக்கினார்.

கலவா மீன்கள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது. அவை முதலில் பெண், பிறகு ஆண். ஒரு பெரிய ஆண் மற்ற ஆண்களை விரட்டிவிட்டுப் பல பெண்களோடு சேரும் இனங்களில், ஆணுக்குத்தான் பெரிய உடல் தேவை. கொடுவாக்கள் கூட்டமாகக் கூடி இனப்பெருக்கம் செய்வதால் ஆணுக்கு அந்தத் தேவை இல்லை. விதி ஒன்றே; வாழ்க்கை முறைக்கு ஏற்ப விடை மாறுகிறது.

எதை விடவேண்டும்?

இந்த அறிவு வெறும் விந்தைச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. இதிலிருந்தே சட்டங்கள் பிறக்கின்றன.

பெரிய மீன்களை எல்லாம் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? பிடிபடுபவை பெரும்பாலும் தாய்கள். கோடிக்கணக்கான முட்டைகள் போய்விடும். சரி, பெரியவற்றை விட்டுவிட்டுச் சிறியவற்றைப் பிடித்தால்? முதலில் தந்தைகள் குறைவார்கள். தந்தைகள்தாமே நாளைய தாய்கள்? அவர்களும் இல்லாமல் போவார்கள். மற்ற மீன்களில் ஆணும் பெண்ணும் தனித்தனி வரிசை. கொடுவாவில் ஒரே வரிசை. எந்த இடத்தில் அறுத்தாலும் பின்னால் வருவது நின்றுபோகும்.

ஆகவே குவீன்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவையும் 120 செ.மீ.க்கு மிகுந்த கொடுவாவையும் எடுத்துச் செல்லக் கூடாது. நீரிலேயே விட்டுவிட வேண்டும். கீழ் எல்லை, மீன் ஒருமுறையாவது தந்தையாவதற்கு வாய்ப்புத் தருகிறது. மேல் எல்லை பெரிய தாய்களைக் காக்கிறது. இனப்பெருக்கக் காலமாகிய நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி தொடக்கம்வரை அங்கே கொடுவாவைப் பிடிக்கவே தடை. தூண்டில்காரர் ஒருவர் அளவுகோலை வைத்து அளந்து, மிகப் பெரிய மீனை மறுபடியும் ஆற்றில் விடும்போது, உண்மையில் மூர், டேவிஸ் ஆகியோரின் ஆராய்ச்சிக்குக் கீழ்ப்படிகிறார்.

பிடிக்கும் அளவை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது. வழியும் திறந்திருக்க வேண்டும். பாரமுண்டி என்ற பெயர் பிறந்த ராக்ஹாம்ப்டன் வழியாக ஓடுவது ஃபிட்ஸ்ராய் ஆறு. அதன் குறுக்கே 1970-இல் ஒரு தடுப்பணை எழும்பியது. ஒருபுறம் நன்னீர், மறுபுறம் உவர்நீர், நடுவில் சுவர். மீன் ஏறுவதற்கென்று கட்டிய படிகள் சரியாகப் பயன்படவில்லை. மீனின் நீந்தும் திறனை ஆராய்ந்து, 1990-களில் அப்படிகளைச் செங்குத்தான இடைவெளிகள் கொண்ட புதிய அமைப்பாக மாற்றினார்கள். பிறகே மீன்கள் நல்ல எண்ணிக்கையில் மேலேறின. அதே ஆற்றில் நடந்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மழை மிகுந்து ஆற்றுநீர் நிறைய ஓடிய ஆண்டுகளில் பிறந்த கொடுவாக்களே மிகுதியாகத் தப்பிப் பிழைத்து வளர்ந்ததைக் காட்டியது. ஆற்றுநீர் கடலில் 'வீணாக'க் கலக்கிறது என்று சொல்கிறோமே, அந்த வீண் நீரில்தான் கொடுவாக் குஞ்சுகள் வளர்கின்றன!

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. ஒடிசாவின் சில்கா ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருந்த வாய்க்கால் மணலும் வண்டலும் சேர்ந்து தூர்ந்து வந்தது. ஏரியில் உப்பு குறைந்தது, மீன்வளமும் குறைந்தது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் ஒன்றை வெட்டினார்கள். கடல்நீர் உள்ளே வந்தது. மீன்வளம் மீண்டும் பெருகியது.

இதற்கு மாறான காட்சியும் ஒன்று உண்டு. குவீன்ஸ்லாந்தின் அணைக்கட்டு ஏரிகள் சிலவற்றில் பண்ணைக் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள். மாண்டுரன் ஏரியில் 2010-இல் 44.64 கிலோகிராம் எடையுள்ள கொடுவா ஒன்று தூண்டிலில் சிக்கி உலகச் சாதனை ஆயிற்று. அவ்வளவு பெரிதாக வளர்ந்தும், அத்தகைய ஏரியில் அதற்குச் சந்ததி இல்லை. சுற்றிலும் நன்னீர், முட்டையிடக் கடலுக்குப் போக வழி கிடையாது. ஆண்டுதோறும் மனிதர் குஞ்சு விட்டால்தான் அங்கே கொடுவா உண்டு.

பாறையில் தீட்டிய பாடம்

ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவில் உபிர் என்ற இடத்தில் ஆதிக்குடிகள் தீட்டிய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் கொடுவாவும் உண்டு. தோலை ஊடுருவிப் பார்த்ததுபோல முதுகெலும்பையும் உள்ளுறுப்புகளையும் வரைந்திருக்கிறார்கள். எக்ஸ் கதிரைப் பற்றி எதுவும் அறியாதவர்கள், தாம் உண்ணும் மீனை உள்ளும் புறமும் அறிந்திருந்தார்கள்.

நீங்களும் அப்படி அறியலாம். அடுத்த முறை வீட்டில் மீன் வாங்கும்போது ஓர் அளவுகோலையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுவாதான் வேண்டும் என்பதில்லை. எந்த மீனானாலும் சரி. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை நீளத்தை அளவிடுங்கள். முதுகுத் துடுப்பின் முட்களையும் மென்கதிர்களையும் தனித்தனியே எண்ணுங்கள். மேல்தாடை கண்ணைத் தாண்டுகிறதா, பக்கக்கோடு எங்கே முடிகிறது, வாலின் வடிவம் என்ன என்று எழுதுங்கள். மீனைக் கழுவும்போது வயிற்றில் இருப்பது சினையா, விந்தகமா என்றும் பாருங்கள். அந்த மீனுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயரை மீன் விற்கும் அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இருக்காது.

கொடுவா கிடைத்தால் நீளத்தை மட்டும் மறக்காமல் குறியுங்கள். பத்து மீன்களின் நீளம் கிடைத்ததும் வகுப்பில் ஒரு வரைபடம் வரையுங்கள். அவற்றுள் 55 செ.மீ.யை எட்டியவை எத்தனை? எட்டாதவை எத்தனை? அந்தப் பத்தில் ஒருமுறையேனும் தந்தையாகியிருக்கக்கூடியவை எத்தனை என்பதை உங்கள் வரைபடமே சொல்லிவிடும்.